இசையைப் படியெடுக்க விலை கூடிய குறுந்தகடு தேவைதானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கேசட்டுகளில் உள்ள பாட்டைக் குறுந்தகட்டில் ஏற்றித் தரும் கடைகள் நீலகிரியில் இன்றும் ஒன்றிரண்டு இருக்கின்றன. கேசட்டை நீட்டியதும் அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி, "சாதா சிடியில் போடட்டுமா, பிரீமியம் சிடியில் போடட்டுமா?" என்பதுதான். இரண்டாவதைச் சொன்னால் கட்டணம் பல மடங்காகிறது. காரணம் கேட்டால், "சவுண்ட் நல்லா இருக்கும், நூறு வருஷம் வரும்" என்கிறார்கள். இந்தப் பதிலின் முற்பாதி தவறு. பிற்பாதி, நம் மலையின் ஈரத்தைக் கணக்கில் எடுத்தால், யாரும் உறுதி கூற முடியாத ஒன்று. மறைந்துபோன தாயின் குரலையோ, ஊர்ப் பண்டிகைப் பாட்டையோ காப்பாற்றிவிட வேண்டும் என்ற தவிப்போடு வருபவர்களிடம், பெரும்பாலும் முதியவர்களிடம், இந்தப் பதிலைச் சொல்லிப் பணம் வாங்குவது என்னை வருத்துகிறது. அதனால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒலியை எடுத்துக்கொள்வோம். குறுந்தகட்டில் பாட்டு எண்களாகத்தான் இருக்கிறது. பிலிப்ஸ், சோனி ஆகிய நிறுவனங்கள் 1980-இல் வகுத்த முறைப்படி, ஒலி ஒரு நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வொரு அளவும் 16 பிட் எண்ணாக, இடது வலது இரண்டுக்கும் தனித்தனியே எழுதப்படுகிறது. ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் ஆகிறது. படிக்கும்போது சில எண்கள் தவறிப்போனாலும் கணக்கிட்டு மீட்டெடுப்பதற்கான கூடுதல் எண்களும் இவற்றோடு சேர்த்துப் பின்னி எழுதப்படுகின்றன. தடத்தின் போக்கில் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குப் பழுது ஏற்பட்டாலும், அங்கே இழந்தவை முழுமையாக மீண்டு வந்துவிடும் அளவுக்கு அந்த ஏற்பாடு வலுவானது. ஒரே பாட்டுத் தொகுப்பைச் சாதாரணத் தகட்டிலும் தங்கப் படலம் கொண்ட தகட்டிலும் எழுதி, இரண்டையும் மீண்டும் கணினியில் ஏற்றி, கோப்புகளை ஒப்பிடும் மென்பொருளிடம் கொடுத்துப் பார்த்தேன். ஓர் எண்கூட மாறியிருக்கவில்லை. கணினி வைத்திருக்கும் எவரும் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பழுது அந்த மீட்பின் எல்லையைத் தாண்டும்போதுதான் பிளேயர் முன்னும் பின்னும் உள்ள ஒலியை வைத்து இடைவெளியை ஊகித்து நிரப்புகிறது. அதையும் தாண்டினால் 'டக் டக்' என்ற சத்தம் வரும், அல்லது பாட்டு ஒரே இடத்தில் சிக்கி நிற்கும். மட்டமான தகடு தன் குறையைக் காட்டுவது இப்படித்தான். அதில் எழுதியதால் வீணையின் நாதம் மெலிந்துவிடுவதுமில்லை, விலை கூடிய தகட்டில் எழுதியதால் அது கூடிவிடுவதுமில்லை.

'டிஜிட்டல் ஆடியோ' என்றோ 'மியூசிக்' என்றோ மேலே அச்சிட்டு, கூடுதல் விலைக்கு வரும் தகடுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். கணினியின் துணையில்லாமல் தாமே பதிவு செய்யும் வீட்டு ரெக்கார்டர்கள் ஒரு காலத்தில் வந்தன. அவை, முன்கூட்டியே ஓர் அடையாளக் குறி பதிக்கப்பட்ட தகடுகளை மட்டுமே ஏற்றுக்கொள்ளும். அமெரிக்காவில் 1992-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, இசை உரிமையாளர்களுக்குச் சேரவேண்டிய ஒரு தொகை அந்தத் தகடுகளின் விலையில் சேர்க்கப்பட்டது. அந்தக் குறியையும் அந்தத் தொகையையும் தவிர வேறு வேறுபாடு அவற்றில் இல்லை. கணினியில் எழுதுபவர் அந்தச் சொல்லுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தரவேண்டியதில்லை. கறுப்பு நிறத் தகடுகளும் அப்படித்தான். லேசர் ஒளி ஊடுருவும் சாயம் பிளாஸ்டிக்கில் கலந்திருக்கிறது, அவ்வளவே.

அப்படியானால் விலை கூடிய தகட்டில் எதற்குத்தான் பணம் கொடுக்கிறோம்? ஆயுளுக்கு. பதிவு செய்யத்தக்க குறுந்தகட்டில் 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கின் மேல் ஒரு சாயப் படலம் பூசப்பட்டிருக்கிறது. லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டுத்தான் எழுதுகிறது. சாயத்தின் மேல் வெள்ளியாலோ தங்கத்தாலோ ஆன, ஒளியைத் திருப்பி அனுப்பும் படலமும், அதன் மேல் மிக மெல்லிய காப்புப் பூச்சும் உண்டு. சயனின், தாலோசயனின், அசோ என்று சாயத்தில் மூன்று வகை. சயனின் வெளிச்சத்துக்கு எளிதில் மங்கக்கூடியது. தாலோசயனின் அதைவிட நெடுநாள் நிற்கும். வெள்ளி, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டால் கறுத்துவிடும். வீட்டு வெள்ளி விளக்கில் நாம் பார்ப்பதே இங்கும் நடக்கிறது. தங்கம் கறுக்காது. எனவே தாலோசயனின் சாயமும் தங்கப் படலமும் சேர்ந்த தகடு கூடுதல் காலம் நிற்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. நூறு ஆண்டு, இருநூறு ஆண்டு என்பவை, சூட்டிலும் ஈரத்திலும் சில வாரங்கள் வைத்துச் சோதித்து, அதிலிருந்து கணக்கிட்டுச் சொல்லப்பட்டவை. தகட்டை வாங்குபவர் எப்படிப்பட்ட இடத்தில் வைக்கப்போகிறார் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

நம் மலையில் எல்லாமே அந்த இடத்தைப் பொறுத்துத்தான் இருக்கிறது. அமெரிக்காவின் தேசியத் தர அளவியல் நிறுவனம் 2003-இல் வெளியிட்ட வழிகாட்டி, குறுந்தகடுகளை 4 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதத்திலும் வைக்கும்படி சொல்கிறது. சமவெளியில் மின்கட்டணம் கட்டி உண்டாக்கவேண்டிய அந்தக் குளிர்ச்சி, 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் ஆண்டின் பெரும்பகுதி தானே அமைந்துவிடுகிறது. ஆனால் ஈரப்பதத்தில் நாம் தோற்றுவிடுகிறோம். ஆடி மாதம் கூடலூரிலும் அவலாஞ்சிப் பக்கத்திலும் பெய்கிற மழையும், ஐப்பசி கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளை மூடுகிற மேகமும் வீட்டுக்குள் கொண்டுவருகிற ஈரம், அந்த 50 சதவீதத்துக்கு வெகு தொலைவில் இருக்கிறது. பீரோவில் உள்ள தோல் செருப்பும் பட்டுப்புடவையும் பூஞ்சை பிடிக்கிற மாதங்களில், பக்கத்துத் தட்டில் இருக்கும் தகடு மட்டும் தப்பிவிடாது. 2001-இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள், மத்திய அமெரிக்காவின் பெலிஸ் நாட்டிலிருந்து வந்த ஒரு குறுந்தகட்டின் பிளாஸ்டிக்கையும் அலுமினியப் படலத்தையும் பூஞ்சை அரித்திருந்ததைக் கண்டார்கள். அது அபூர்வம்தான். நம் வீடுகளில் நடப்பது அதைவிட எளிமையானது: ஓரத்தின் வழியாகவும், மேற்பூச்சின் நுண்ணிய கீறல்கள் வழியாகவும் ஈரம் புகுந்து படலத்தைக் கெடுக்கிறது. இந்துநகர் பிலிம் தொழிற்சாலையில் வேலை பார்த்த குடும்பங்கள் இங்கே ஏராளம். படச்சுருளை ஈரம் என்ன செய்யும் என்று அவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அதே அக்கறையைத் தகட்டுக்கும் காட்டச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

என் உறவினர் ஒருவர் வீட்டில் பார்த்த தகடு ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். பேரகணி ஹெத்தையம்மன் பண்டிகையின்போது பதிவு செய்த படுக மொழிப் பாட்டுகள் அதில் இருந்தன. கடையில் 'பிரீமியம்' என்று சொல்லி அதிக விலை வாங்கி, மேலே ஒரு வட்டக் காகித ஸ்டிக்கரையும் ஒட்டி, மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மழைக்காலம் முடிந்து உறையைப் பிரித்தபோது அது தகட்டோடு ஒட்டியிருந்து, இழுத்ததும் பிசுபிசுவென்று விட்டது. தகட்டின் அடிப்புறத்தில் மேகம் படிந்ததுபோல வெண்திட்டுகள் இருந்தன. துடைத்தால் அவை போய்விட்டன. மேற்புறம்தான் போகவில்லை. ஈரத்தை உறிஞ்சிய காகிதம் ஓரத்தில் சுருங்கி எழும்பி, அடியிலிருந்த வெள்ளிப் படலத்தையும் கூடவே பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தபோது விரல்நகத்தில் பாதியளவுக்கு ஓரிடம் கண்ணாடிபோல வெறுமையாகத் தெரிந்தது. அதைச் சுற்றி ஊசியால் குத்தியதுபோல ஒளிப்புள்ளிகள். தகட்டில் பாட்டு உள்ளிருந்து வெளிநோக்கி எழுதப்படுவதால் கடைசி மூன்று பாட்டுகள் போய்விட்டன. தகடு நல்ல தகடுதான். ஸ்டிக்கரும் உறையும் இல்லாமல் சாதாரணத் தகடாகவே இருந்திருந்தாலும் அந்தப் பாட்டுகள் இன்று இருந்திருக்கும் என்பதே என் கருத்து.

பலரும் அடிப்புறத்தில் கீறல் விழுமோ என்று அஞ்சுகிறார்கள். ஆனால் அடிப்புறத்தில் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவலாக இருக்கிறது. பெயர் எழுதும் மேற்புறத்தில் முடியளவு தடிமன்கூட இல்லாத பூச்சு மட்டுமே இருக்கிறது. அங்கே ஸ்டிக்கர் ஒட்டக்கூடாது. பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதக்கூடாது. எழுதியே ஆகவேண்டுமென்றால் தண்ணீர் கலந்த மையுள்ள ஸ்கெட்ச் பேனாவால் நடுத்துளையைச் சுற்றியுள்ள பகுதியில் எழுதலாம். உறைக்குப் பதில் தகட்டின் முகம் எதிலும் படாத கெட்டி டப்பாவில் போட்டு, புத்தகம்போல நிறுத்தி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டின்னில் வைக்கலாம். பொட்டலத்தின் நிறம் மாறியதும் சூடுபடுத்தி உலர்த்தினால் மீண்டும் பயன்படும். ஈரம் போக பீரோவுக்குள் குண்டு பல்பு எரியவிடும் வழக்கமுள்ள வீடுகளில் தகட்டு டின்னை அந்த வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தள்ளியே வைக்கவேண்டும். அந்துருண்டையும் கூடாது, அதன் ஆவி டப்பாவின் பிளாஸ்டிக்குக்கு ஆகாது. இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆகிற செலவு, விலை கூடிய தகடுகள் சிலவற்றின் விலைக்குள் அடங்கிவிடும்.

பெட்டியின் மேலுள்ள பெயரை நம்பி வாங்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. பதிவு செய்யத்தக்க குறுந்தகட்டை உருவாக்கிய ஜப்பானின் தையோ யூடன் நிறுவனம் 2015-ஆம் ஆண்டோடு ஒளித்தகடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. தமிழ்நாட்டில் பெட்டிக்கடைவரை போய்ச் சேர்ந்த தகடுகளைச் செய்த மோசர் பேர் நிறுவனத்தைக் கலைக்க 2018-இல் உத்தரவாயிற்று. வெர்பாட்டிம் என்ற பெயர் 2019-இல் தைவானின் சி.எம்.சி. நிறுவனத்தின் கைக்குப் போனது. ஒரே பெயரில் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு ஆலைகளின் சரக்கு வருவது இத்தொழிலில் வழக்கம். தகட்டின் தடத்திலேயே அதைச் செய்த ஆலையின் குறி பதிக்கப்பட்டிருக்கும். இலவச மென்பொருள்கள் பலவும் அதைப் படித்துச் சொல்லிவிடும். கடைக்காரர் அரை நிமிடத்தில் செய்யக்கூடிய வேலை இது. இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: எழுதப்படாத தகடு பெட்டியிலேயே கிடந்தாலும் அதன் சாயம் மூப்படைகிறது. வெற்றுத் தகட்டை 5 முதல் 10 ஆண்டுகளுக்குள் எழுதிவிடவேண்டும் என்று நான் மேலே சொன்ன 2003-ஆம் ஆண்டு வழிகாட்டி கணிக்கிறது. அப்படியிருக்க, 'பழைய ஜப்பான் சரக்கு' என்று இன்றைக்கு இரட்டை விலைக்கு விற்கப்படுவதை வாங்குவது, பெயருக்குக் கொடுக்கும் காசே தவிர வேறில்லை.

காரில் கேட்கவும் சமையலறையில் ஓடவிடவும் எடுக்கும் படிக்கு, அண்மையில் தயாரான நல்ல சாதாரணத் தகடே போதும். கெட்டுப்போனால் இன்னொன்று எழுதிக்கொள்ளலாம். திரைப்பாட்டையோ, கடையிலும் இணையத்திலும் மீண்டும் கிடைக்கக்கூடிய கச்சேரியையோ தங்கத் தகட்டில் ஏற்றவேண்டிய தேவையே இல்லை. ஆனால் மீண்டும் கிடைக்காதவை நம் மலையில் நிறைய இருக்கின்றன. படுகர் ஊர்களான ஹட்டிகளில் பாட்டிமார் பாடிய பாட்டுகள், கோத்தர்களின் குழலும் மேளமும், தோடர்களின் பாட்டுகள், தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளில் பாடப்பட்ட தாலாட்டும் ஒப்பாரியும் எந்த நிறுவனமும் வெளியிடாமல், யாரோ ஒருவர் வீட்டு டேப்ரிக்கார்டரில் பிடித்ததாக மட்டுமே இருக்கின்றன. அவற்றுக்குத் தங்கத் தகடு வாங்குவது வீண்செலவு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஒரே தகட்டை நம்பி இருந்துவிடக்கூடாது. ஒரு தங்கத் தகட்டை வாங்கப் போதிய பணம் மட்டுமே கையில் இருந்தால், அதைக் கொண்டு வெவ்வேறு ஆலைகளில் செய்யப்பட்ட இரண்டு சாதாரணத் தகடுகளில் எழுதி, ஒன்றைக் கோவையிலோ ஈரோட்டிலோ உள்ள பிள்ளைகள் வீட்டில் கொடுத்துவைப்பதையும், கணினியின் ஹார்டு டிஸ்கில் ஒரு படி வைப்பதையும்தான் பரிந்துரைப்பேன். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் கழிந்து தை மாதத்தில், எல்லாவற்றையும் முழுதாகப் படித்துப் பார்க்கவேண்டும். எங்கேயாவது கணினி திணறினால் அன்றே புதிய தகட்டில் மாற்றிவிடலாம்.

உண்மையில் ஒலி கூடுவதும் குறைவதும் தகட்டுக்கு முன்னாலேயே, கேசட் ஓடும் டெக்கிலேயே முடிவாகிவிடுகிறது. நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டில் பழுப்பு நிறத் துகள் படிந்திருந்தால் உச்ச ஒலிகள் மங்கிப்போகும். பஞ்சில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் அந்தக் குறை நீங்கும். ஹெட்டின் பக்கத்திலுள்ள சிறு திருகு, நாடாவுக்கு அது செங்குத்தாக நிற்கும்படி சரிசெய்வது. பதிவு செய்த டேப்ரிக்கார்டரின் கோணமும் படியெடுக்கும் டெக்கின் கோணமும் ஒத்துப்போகாவிட்டால், பாடுபவர் கதவுக்கு வெளியே நின்று பாடுவதுபோல இருக்கும். திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக, மிக மெதுவாகத் திருப்பிக்கொண்டே கேட்டால், ஓரிடத்தில் ஜால்ராவின் ஒலி திடீரென்று தெளிந்து வரும், அங்கே நிறுத்தவேண்டும். நெடுநாள் கிடந்த கேசட்டில் நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு பஞ்சுத்துண்டு உதிர்ந்திருக்கும். அதை ஒட்டாமல் ஓட்டினால் ஒலி அலைபாயும். பூஞ்சை படர்ந்த நாடாவைத் துடைக்காமல் ஓட்டினால் அடுத்தவர் கேசட்டுக்கும் அது தொற்றும். இந்த வேலைகளுக்கு ஒரு கடை கூலி கேட்டால் மனமுவந்து கொடுக்கலாம், அது உழைப்புக்கான கூலி. இவற்றில் எதையும் செய்யாமல், 128 கிலோபிட் எம்.பி.3-ஆகச் சுருக்கி, அதைத் தங்கத் தகட்டில் எழுதித் தருவதால் வாடிக்கையாளருக்கு எந்தப் பயனும் இல்லை.

எழுதும் வேகத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். ஒன்று அல்லது இரண்டு மடங்கு வேகத்தில் எழுதினால்தான் நல்லது என்ற பழைய நம்பிக்கை இன்றைய தகடுகளுக்குப் பொருந்தாது. அவை வேகமாக எழுதுவதற்கென்றே செய்யப்பட்டவை. அட்டையில் 52 என்று போட்டிருந்தால் 16 அல்லது 24 மடங்கில் எழுதினால் சரியாக இருக்கும். ஓரம்தான் முதலில் கெடுகிறது என்பதால் 80 நிமிடத்தையும் நிரப்பாமல் ஓர் அறுபது நிமிடக் கேசட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அழித்து எழுதும் ஆர்.டபிள்யூ. வகை இதற்கு வேண்டாம். அது ஒளியைக் குறைவாகவே திருப்பி அனுப்புவதால் பழைய பிளேயர்கள் பல அதைப் படிப்பதில்லை.

பென்டிரைவ் இருக்கும்போது தகடு எதற்கு என்று இளைஞர்கள் கேட்பது நியாயமே. எடுத்துச் செல்லவும் கேட்கவும் அது வசதியானதுதான். ஆனால் அதில் எண்கள் மின்னேற்றமாக நிற்கின்றன. பயன்படுத்தாமல் ஆண்டுக்கணக்கில் போட்டுவைத்தால் அந்த மின்னேற்றம் கசிந்துவிடும், ஒரு தவறான பொத்தானால் எல்லாமே அழிந்தும் போகலாம். எழுதி முடித்த தகட்டை யாரும் தவறுதலாக அழித்துவிட முடியாது. ஹார்டு டிஸ்கோடு துணைக்கு ஒரு தகடும் இருக்கட்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

சொந்த உபயோகத்துக்காகப் படியெடுப்பதை 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு நியாயமான பயன்பாடாக ஏற்கிறது. விற்பதற்கு அது இடம் தருவதில்லை.

தங்கள் நாளிதழின் வழியாகக் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். பில்லில் 'பிரீமியம்' என்று மட்டும் எழுதாமல், எந்த ஆலையின் தகடு, எந்தச் சாயம், தங்கமா வெள்ளியா, எழுதியபின் முழுதும் சரிபார்க்கப்பட்டதா என்று எழுதிக் கொடுங்கள். காகித ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். வாடிக்கையாளர் ஹார்டு டிஸ்க் கொண்டுவந்தால், சுருக்கப்படாத வேவ் கோப்பையும் அதில் போட்டுக் கொடுங்கள். கேசட்டைத் திருப்பித் தரும்போது, "இனி இதைத் தூக்கிப் போட்டுவிடலாம்" என்று சொல்லாதீர்கள். உலர்ந்த இடத்தில் இருந்தால் அந்த நாடா இன்னும் பல ஆண்டுகள் ஓடும், இதைவிட நல்ல டெக் கிடைக்கும்போது அதிலிருந்து மறுபடியும் படியெடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.